ஆயிரம் முறை ஓட்டினீர்கள், எதிரி ஒருமுறைகூட யோசிக்கவில்லை

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரின் கேள்வி இது. மலைப்பாதையில் போகும் ராணுவ கான்வாய்க்கு முன்னால் சிறு ட்ரோன்களின் கூட்டம் ஒன்று பறந்து, பதுங்கியிருப்பவர்களை வெப்பக் கேமராவில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய குழுவின் உத்தி. கணினி சிமுலேஷனில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா ஓட்டத்திலும் கான்வாய் தப்பிவிடுகிறது. "இந்த உத்தி நிரூபிக்கப்பட்டது என்று ராணுவத்திடம் சொல்லலாமா? வார்கேம் (போர் ஆட்டம்) நடத்தினீர்களா என்று கேட்கிறார்களே, சிமுலேஷன் இருக்கும்போது அது எதற்கு?"

சொல்லக் கூடாது, தம்பி. சொன்னால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் கர்னல் கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கும்: "அந்தப் பதுங்கியிருந்தவன் யார்?" உங்கள் நிரலில் அவன் ஒரு புள்ளி. சாலையோரத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பான், கான்வாய் வந்தால் சுடுவான். ட்ரோன் சத்தம் கேட்டால் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொள்ள அவனுக்குத் தெரியாது. முதல் நாள் மாட்டிய கூட்டாளியைப் பார்த்து மறுநாள் வேறு இடத்துக்குப் போகவும் தெரியாது. பத்தாயிரம் முறை ஓட்டினாலும் அதே அப்பாவியைத்தான் பத்தாயிரம் முறை பிடித்திருக்கிறீர்கள்.

சிமுலேஷன் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கோவையில் மோட்டார் பம்ப் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சோதனைத் தொட்டியில் சீரான வோல்டேஜில் பம்ப் எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அளப்பது உண்மையான அளவுதான், அதில் பொய் இல்லை. ஆனால் பல்லடம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றில், மணல் கலந்த தண்ணீரில், ராத்திரி மூன்று மணிக்கு வரும் குறைந்த வோல்டேஜில், தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டாரை நிறுத்த மறந்து தூங்கிவிட்ட விவசாயியிடம் அந்தப் பம்ப் என்ன ஆகும் என்பதைத் தொட்டி சொல்லாது. விதிகள் தெரிந்த இடத்தில் எத்தனை, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பவற்றை சிமுலேஷன் நன்றாகச் சொல்லும். எதிரில் இருப்பவன் தானாக முடிவெடுக்கும் இடத்தில் அதன் எல்லை முடிகிறது. வார்கேம் தொடங்குவது அங்கேதான்: இரண்டு பக்கமும் மனிதர்கள் உட்கார்ந்து, அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுத்து, அதன் விளைவைச் சுமந்துகொண்டு அடுத்த முடிவுக்குப் போவது. அந்த ஆட்டத்துக்குள் கணக்குப் போடும் கருவியாக உங்கள் சிமுலேஷன் தாராளமாக இருக்கலாம்.

இந்தப் பழக்கத்துக்கு இருநூறு ஆண்டு வயதாகிறது. அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் படையில் இளம் அதிகாரியாக இருந்த ரைஸ்விட்ஸ் 1824-ல் தன் தந்தை தொடங்கிய ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி, வரைபடம், பகடை, நடுவர் என்று ஒழுங்குபடுத்திக் காட்டினார். பார்த்த படைத் தலைமைப் பணியகத் தலைவர் மியூஃப்ளிங், இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று சொல்லிப் படை முழுதுக்கும் பரிந்துரைத்தார். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்யர், பகடையும் அட்டவணையும் ஆட்டத்தை இழுத்தடிக்கின்றன, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். கணக்கா, நடுவரா என்ற அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், புதிய உத்தியைச் சோதிக்கும்போது நடுவர் பக்கம் சாய்வேன். பழைய அட்டவணைகளில் புதிய ஆயுதத்துக்கு இடம் இருக்காது.

நல்ல ஆட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்தது. 1942 ஜனவரியில், அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். காசநோயால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்த கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரைக் கூப்பிட்டு, பாதுகாப்புக் கப்பல்களுக்கு என்ன உத்தி சரி என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவருக்குக் கிடைத்தது சில அறைகளும், கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களும். லினோலியம் தரையில் கட்டம் போட்டார்கள். அதுதான் கடல். மரத்துண்டுகள் கப்பல்கள். கப்பல் போன தடத்தைச் சாக்பீஸால் வரைந்தார்கள். ஆட வந்த அதிகாரிகள் கான்வாஸ் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார்கள். திரையில் ஒரு துளை. இரவில் கப்பல் மேல்தளத்திலிருந்து என்ன தெரியுமோ அதுதான் அந்தத் துளை வழியே தெரியும். நீர்மூழ்கியின் தடத்தைப் பச்சைச் சாக்பீஸில் போட்டார்கள். துளை வழியே பார்ப்பவர் கண்ணுக்கு அது தரையின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும், மேலே நிற்பவருக்குத் தெரியும். கணினி இல்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை. ஆனால் உங்கள் சிமுலேஷனில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது: ஆடுபவருக்கு என்ன தெரியாது என்பதைக் கவனமாகக் கட்டியமைத்திருந்தார்கள்.

அதுவரை கடற்படை நம்பிக்கொண்டிருந்தது, நீர்மூழ்கிகள் கப்பல் கூட்டத்துக்கு வெளியே நின்று டார்பிடோ விடுகின்றன என்று. நடந்த தாக்குதல்களைத் தரையில் வைத்து ஆடிப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. டார்பிடோ போகும் தூரம், கப்பல்கள் அடிபட்ட இடம் இரண்டையும் சேர்த்தால், நீர்மூழ்கி கூட்டத்துக்கு உள்ளேயே இருந்திருக்க வேண்டும். இருட்டில் பின்பக்கமாக நீர்மட்டத்தில் வந்து, வரிசைகளுக்கு நடுவே புகுந்து, அடித்துவிட்டு, ஆழத்தில் போய், கூட்டம் தாண்டிப் போகும்வரை காத்திருந்து நழுவுகிறது. வெளியே தேடிக்கொண்டிருந்த பாதுகாப்புக் கப்பல்களைப் பின்வாங்கி வந்து கூட்டத்தின் வால்பக்கத்தைச் சல்லடை போடச் சொன்னது அவர்கள் வகுத்த புதிய உத்தி. 'ராஸ்பெர்ரி' என்று பெயர். பின்னர் தளபதியாக வந்த அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் நீர்மூழ்கியில் பழம் தின்று கொட்டை போட்டவர். சந்தேகத்தோடு வந்து தானே நீர்மூழ்கிப் பக்கம் ஆடினார். எதிரே ஆடியது ஜேனட் ஓகல் என்ற இளம்பெண். அட்மிரல் திரும்பத் திரும்ப மூழ்கினார்.

இதில் கவனியுங்கள். அந்தத் தரையில் முதலில் கிடைத்தது வெற்றி அல்ல. இதுநாள்வரை யாரும் சந்தேகிக்காத ஓர் அனுமானம் தவறு என்ற செய்தி கிடைத்தது. வார்கேமின் விளைபொருள் எப்போதும் அதுதான். யார் ஜெயித்தார் என்பது உமி.

அதே போல அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில், இரண்டு உலகப் போர்களுக்கு இடையே 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்கள். விமானந்தாங்கிக் கப்பல் அப்போது புதுச் சரக்கு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெளிவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை விமானம் மேலே இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று ஆட்டங்களில் தெரிந்தது. அங்கே பாடம் நடத்திய ஜோசப் ரீவ்ஸ், 1925-ல் விமானப் படைப்பிரிவுகளின் தளபதியாகப் போனதும், 'லாங்லி' கப்பலில் விமானங்களை ஏற்றி இறக்கும் முறையையே மாற்றி, பதினான்கு போல இருந்த எண்ணிக்கையை மூன்று மடங்காக்கினார். 1929 கடற்பயிற்சியில் 'சரடோகா' கப்பல் தனியாகப் பாய்ந்து பனாமா கால்வாயைத் 'தாக்கியது'. மேசையில் பிறந்த யோசனை தளத்தில் அளக்கப்பட்டு, கடலில் ஓட்டிப் பார்க்கப்பட்டு, மறுபடி மேசைக்கு வந்தது. எந்த ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்கவில்லை. எல்லை எங்கே என்பதற்கும் அதே கல்லூரிதான் சாட்சி. ஜப்பானோடு நடந்த போரில் ஆட்டங்களில் பார்க்காத எதுவும் நடக்கவில்லை, கடைசியில் வந்த காமிகாஸே தற்கொலைத் தாக்குதல் தவிர என்று அந்தப் போரில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் நிமிட்ஸ் பின்னாளில் எழுதினார். ஆடுபவர் தலையில் தோன்றாதது மேசைக்கு வராது.

கெட்ட ஆட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு 2002-ல் அமெரிக்கா நடத்திய 'மில்லேனியம் சேலஞ்ச்'. செலவு 25 கோடி டாலர். புதிய தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு எதிரியைச் சடுதியில் செயலிழக்கச் செய்யலாம் என்ற கோட்பாட்டைச் சோதிப்பது நோக்கம். எதிரியாக ஆடும் சிவப்பு அணிக்குத் தலைவராக வந்தவர் ஓய்வுபெற்ற மரைன் லெப்டினன்ட் ஜெனரல் பால் வான் ரைப்பர். ஒட்டுக்கேட்க முடியாதபடி ரேடியோவை விட்டு மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். அமெரிக்கப் பக்கமாக ஆடிய நீல அணி கெடு விதித்ததும், அடி விழும்வரை காத்திருக்காமல் ஏவுகணைகளையும் சிறு படகுகளையும் ஒரே நேரத்தில் ஏவினார். விமானந்தாங்கி உட்பட 16 கப்பல்கள் மேசையில் மூழ்கின. ஆட்டத்தை நிறுத்தி, கப்பல்களை மிதக்கவிட்டு, மறுபடி தொடங்கினார்கள். அதன்பின் சிவப்பு அணி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. வான் ரைப்பர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் கப்பல்களை மிதக்கவிட்டதைத்தான் மோசடி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பல வாரப் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கான வீரர்களை வரவழைத்துவிட்டுத் தொடக்கத்திலேயே ஊருக்கு அனுப்ப முடியாது, மறுபடி தொடங்கித்தான் ஆக வேண்டும். குற்றம் அடுத்து நடந்ததில் இருக்கிறது: முதலில் கிடைத்த விடையை ஒதுக்கி, சிவப்பு அணியின் கையைக் கட்டிவிட்டு, கோட்பாடு தேறியது என்று காட்டிக்கொண்டது. 2008-ல் அந்தப் பயிற்சியை நடத்திய கூட்டுப் படைத் தலைமையகத்துக்குத் தளபதியாக இருந்த ஜேம்ஸ் மாட்டிஸ், அந்தக் கோட்பாட்டின் முக்கியக் கூறை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பு அனுப்பினார். ஆறு ஆண்டு.

நடுவர் பகடையைத் திருத்துவது புதிதல்ல. 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியர் ஆடிய ஆட்டத்தில் தங்கள் விமானந்தாங்கிகளான 'அகாகி', 'காகா' இரண்டும் மூழ்கியதாகப் பகடை சொல்ல, தலைமை அதிகாரி உகாகி விழுந்த குண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார் என்று போருக்குப் பின் ஜப்பானிய அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். ஜூனில் நான்கு விமானந்தாங்கிகள் நிஜமாகவே போயின.

நம் நாட்டில் இதற்குச் சமமான கதை 'லால் கிலா'. 1960-ல் கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தோரட், லக்னோவில் அந்தப் பெயரில் ஓர் ஆட்டப் பயிற்சி நடத்தி, இருக்கிற படையை வைத்து வடகிழக்கு எல்லையைக் காக்க முடியாது என்று காட்டினார். ஆட்டத்தில் குறையில்லை, நடுவரிலும் குறையில்லை. டெல்லியில் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அவரைப் பீதி கிளப்புபவராகவே பார்த்தார். 1962 நவம்பரில் சீனப் போரில் என்ன ஆனது என்பது தெரிந்ததே. ஆகவே, ஆட்டம் நடத்தும் முன்பே அதன் முடிவை யார் படிப்பார், படித்தால் எதை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் மண்டப வாடகை மிச்சம்.

இனி நம் ஊருக்கு வருவோம். கல்லூரி மாணவர்களுக்கு வார்கேம் சொல்லித்தர நான் எடுப்பது 1790-ம் ஆண்டு நிலவரம். மூன்றாம் மைசூர்ப் போரின் தொடக்கம். ஆங்கிலத் தளபதி மெடோஸ் கோவையைப் பிடித்துவிட்டு, கஜலட்டிக் கணவாய் வழியே மைசூருக்கு ஏறுவதற்காகச் சங்கிலி போலக் காவல் நிலைகளை அமைத்துக்கொண்டு போனார். படை மூன்றாகப் பிரிந்து நின்றது: அவர் கோவையில், ஸ்டூவர்ட் பாலக்காட்டில், குதிரைப்படையோடு ஃபிளாய்டு சத்தியமங்கலத்தில். செப்டம்பரில் திப்பு அதே கணவாய் வழியே இறங்கி, பவானியைக் கடந்து ஃபிளாய்டை அடித்தார்.

மாணவர்களுக்கு இதைச் சொல்வதில்லை. ஊர், ஆறு, கணவாய்ப் பெயர்களையெல்லாம் மாற்றி, வரைபடத்தைத் தெற்கு மேலே வரும்படி திருப்பிக் கொடுப்பேன். இல்லாவிட்டால் கோபியிலிருந்து வரும் மாணவன் முதல் நிமிடத்திலேயே "இது எங்க பண்ணாரிங்க சார்" என்று கண்டுபிடித்துவிடுவான். மூன்று தளபதிகளும் மூன்று அறையில். செய்தி துண்டுச்சீட்டில் நடுவர் வழியாகத்தான் போகும். சத்தியமங்கலத்திலிருந்து கோவை ஏறத்தாழ 65 கிலோமீட்டர், குதிரையில் போக வேண்டும், எனவே சீட்டு ஒரு சுற்று தாமதமாகவே போய்ச் சேரும். எதிரிக் குதிரைப்படை கணவாயில் இறங்குகிறது என்று ஃபிளாய்டின் சீட்டு வருகிறது. மெடோஸாக ஆடும் மாணவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பதில் எழுதுவார்: "உறுதி செய்து தெரிவிக்கவும். இடத்தை விட வேண்டாம்." அது போய்ச் சேரும்போது ஆறு கடக்கப்பட்டிருக்கும். நிஜத்திலும் ஃபிளாய்டு தகவல் அனுப்பினார், இடத்திலேயே இருக்கச் சொல்லித்தான் உத்தரவு வந்தது, அவர் பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். ஈரோடும் தாராபுரமும் பின்னர் திப்பு கைக்குப் போயின.

சில ஆட்டங்களில் ஆங்கிலப் பக்கம் ஜெயிக்கும், சிலவற்றில் திப்பு. அதைக் கரும்பலகையில் எழுதவே மாட்டேன். எழுதுவது இது: சங்கிலியாகக் காவல் நிலை என்ற உத்தி, தாக்கப்பட்ட நிலை மற்றவர் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கும் என்ற ஒற்றை அனுமானத்தின் மேல் நிற்கிறது. அந்த அனுமானம் செய்தி போகும் வேகத்தின் மேல் நிற்கிறது. யார் ஆடினாலும் ஆட்டம் திரும்புவது அங்கேதான்.

உங்கள் ட்ரோன் உத்திக்கும் இதையே செய்யுங்கள். "இன்னின்னது உண்மையாக இருந்தால் கான்வாய் பிழைக்கும்" என்று ஒரு வாக்கியத்தில் எழுதி, அந்த 'இன்னின்ன'வற்றை மூன்றாகப் பிரியுங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பட்டறையில் அளக்க வேண்டியது. கேமரா இலைதழைக்கு ஊடே என்ன பார்க்கும் என்பது காட்டோரத்தில் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டியது. எதிரி என்ன முடிவெடுப்பான் என்பதை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். மேசையில் பேட்டரியைப் பற்றி வாக்குவாதம் செய்து நேரத்தைக் கொல்லும் கூட்டங்களை நிறையப் பார்த்தாயிற்று. போகிற போக்கில் ஒன்று: சிமுலேஷனில் காற்றை எவ்வளவு வைத்தீர்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் அடிக்கும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் இரண்டு கிலோ ட்ரோனுக்கு என்ன மரியாதை?

சிவப்பு அணியில் உங்கள் கம்பெனி ஆட்களை உட்கார வைக்க வேண்டாம். சம்பளம் வாங்கும் இடத்தின் பொருளை உடைக்க யாருக்கும் மனம் வராது. சத்தி, பர்கூர், மேட்டூர்ப் பக்கம் காட்டை அறிந்த ஓய்வுபெற்ற வனக்காவலர்கள் இருக்கிறார்கள், முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள், வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உட்கார வைத்தால் முதல் சுற்றிலேயே என்ன சொல்வார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் காவலர்கள் உட்பட 22 பேர் இறந்தார்கள். வெடி முன்கூட்டியே மண்ணுக்குள் போய்விட்டது. சாலையோரத்தில் சூடான உடம்புகளைத் தேடும் கேமராவுக்கு அங்கே என்ன வேலை? உங்கள் ஆயிரக்கணக்கான ஓட்டங்களில் ஒன்றிலாவது இது இருந்ததா?

அடுத்த சுற்றில் அவர் இன்னும் குறும்பு செய்வார். ஆடுகளை மேய விடுவார், வெப்பக் கேமரா முழுக்கப் புள்ளிகளாகும். ட்ரோன் பறக்கத் தொடங்கினாலே கான்வாய் வருகிறது என்று அறிந்துகொள்வார், நீங்களே அவருக்கு மணியடித்துச் சொன்ன மாதிரி. ரேடியோ இணைப்பை முடக்குவார். ஒவ்வொன்றுக்கும் நீல அணி பதில் யோசிக்கட்டும். கண்டுபிடித்ததா இல்லையா என்பதை உங்கள் சிமுலேஷன் தரும் வாய்ப்பைக் கொண்டு பகடை முடிவு செய்யட்டும். நடுவர் பகடையை மீறினால் மீறட்டும், ஆனால் ஏன் என்று அந்த இடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். முடிவை மட்டும் குறிக்காமல், ஆடுபவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைக் குறித்துக்கொள்ள ஒருவர் தனியாக வேண்டும். அந்த நோட்டுப் புத்தகம்தான் சரக்கு. பிறகு இருக்கைகளை மாற்றி ஆடுங்கள், ஓர் அனுமானத்தை மட்டும் மாற்றி ஆடுங்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஎஸ், தைவான் மீது சீனா படையெடுத்தால் என்ன ஆகும் என்று 24 முறை ஆடி 2023 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. வெற்றி தோல்வி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறியது. ஆனால் அமெரிக்காவின் நெடுந்தூரக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோவது மாறவில்லை. அப்படி மாறாமல் திரும்பத் திரும்ப வருவதைத் தேடுங்கள்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1:50,000 வரைபடத்தில் ஒரு மலைப்பாதை, ஒரு மேசை, நடுவே ஒரு திரை போதும். வார்கேமுக்கென்றே ராணுவத்துக்கு டெல்லியில் வார்டெக் என்ற தனி மையம் இருக்கிறது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஐஎஸ்எஸ்ஏ ஆய்வகம் இதே வேலையைச் செய்கிறது. 2019-ல் புதிய படைக்குழு அமைப்பை அருணாசலத்தில் 'ஹிம் விஜய்' பயிற்சியில் நிஜ மலையில் ஓட்டிப் பார்த்தது நம் ராணுவம். உங்கள் உத்தி அவர்கள் கைக்குப் போனால் அவர்கள் பாணியில் மறுபடி ஆடுவார்கள். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் துறை புத்தாக்க மையம் வழியாகப் போனாலும் சரி, நேராகப் போனாலும் சரி, அதற்கு முன் சொந்த மேசையில் உடைபட்டு வந்திருந்தால் உங்களுக்கு நல்லது.

அறிக்கையில் 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எந்தச் சூழலில் உத்தி நிற்கிறது, எதில் உடைகிறது, உடைவதை எதிரி எவ்வளவு மலிவாகச் செய்ய முடியும் என்று மூன்று பத்தி எழுதுங்கள். சிவப்பு அணி காட்டிய வழிகளையெல்லாம் நிரலில் சேர்த்து சிமுலேஷனை மறுபடி ஓட்டுங்கள். புது எண் பழையதைவிடக் கணிசமாகக் குறையும், பயப்பட வேண்டாம். இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் அருகருகே போடுங்கள். அந்தக் கர்னல் முதலில் கைவைத்துக் கேட்கப் போவது அந்த இடைவெளியைப் பற்றித்தான், அதற்குப் பதில் உங்களிடம் அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.